துப்பாக்கியைக் குளிப்பாட்டிய திரவங்கள்

துப்பாக்கிக் குழலைக் கழுவ மனிதர்கள் முதலில் நம்பியது வெந்நீரைத்தான். முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும் என்று கலந்த கருமருந்து எரியும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே வாயுவாக மாறும். மற்றது வெண்புகையாகக் கிளம்பும், அல்லது குழலின் உட்சுவரில் உப்பும் கரியுமாக அப்பிக்கொள்ளும். அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். ஆகவே பல தலைமுறைச் சிப்பாய்களுக்குச் சாயங்கால வேலை இதுதான்: வெந்நீரை ஊற்று, துணி சுற்றிய கம்பியால் தேய், ஈரம் போகத் துடை, எண்ணெய் பூசு. தண்ணீர் கிடைக்காத களத்தில் சிறுநீரும் கைகொடுத்தது. அந்தச் சிப்பாய்க்குக் கவலைகள் ஆயிரம் இருந்தன. கழுவுகிற தண்ணீர் அவற்றில் ஒன்றாக இல்லை.

இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. அதைத் துடைக்க ஒரு பாட்டிலோ ஸ்ப்ரே டப்பாவோ சமையலறை மேசையிலோ கார் ஷெட்டிலோ நிற்கிறது. அதன் முதுகில் தீச்சுடர் படம், மண்டையோட்டுப் படம், பொடி எழுத்தில் எச்சரிக்கை. வெந்நீர் இருந்த இடத்துக்கு இந்தப் பாட்டில் வந்து சேர இருநூறு ஆண்டுகள் ஆயின. வழியில் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர், லண்டனின் மைக்கேல் ஃபாரடே, கூடவே சில திமிங்கிலங்கள்.

முதலில் நம் பக்கத்துக் கதை. ஐரோப்பியப் போர்களுக்கு வேண்டிய வெடியுப்பின் பெரிய ஊற்றுக்கண் பிகார். பாட்னாவைச் சுற்றிய கிராமங்களில் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பை டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்த உப்பு எரிந்து விட்ட கசடு 1857-இல் சுற்றிவளைத்து நம் வாசலுக்கே திரும்பியது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் கொழுப்பு தடவியது குண்டு குழலுக்குள் வழுக்கி இறங்கவும், கசடு இறுகாமல் இளக்கமாக இருக்கவும்தான். சுத்தம் செய்வதைச் சுலபமாக்கப் பூசிய கொழுப்பு, பசுவா பன்றியா என்ற சந்தேகத்தில் ஒரு பேரரசையே ஆட்டிவைத்தது.

பாதிரியாருக்கு வருவோம். அலெக்சாண்டர் ஃபோர்சித் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்த் தேவாலயத்தில் ஊழியம் செய்தவர், வேட்டைப் பிரியர். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறி பளிச்சிடும், அதற்குப் பிறகே குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் வாத்துகள் உஷாராகிப் பறந்துவிடும். கடுப்பான பாதிரியார், தட்டினாலே வெடிக்கும் பொடி ஒன்றைத் தயார்செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பொடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமருக்கு மூத்த பாட்டன் இதுதான். குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வெந்நீர் இருந்தவரை அதுவும் கூடவே கழுவிப் போனது. ஒருவரும் கவனிக்கவில்லை.

சிக்கல் 1884-இல் பிறந்தது. பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைச் செய்துகாட்டினார். சில ஆண்டுகளில் ஆல்ஃபிரட் நோபலும் ஒன்று செய்தார். 1889-இல் ஏபெல், டூவர் என்ற வேதியியலாளர்கள் பிரிட்டனுக்காகக் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைச் செய்தார்கள். மருந்தைப் பிசைந்து கயிறுபோல் இழுக்க அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கப் பயன்படுகிறதே, அதே அசிட்டோன். ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கேயிருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் கார்டைட்டுக்காகவே கட்டியது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு அசிட்டோன் தட்டுப்பாடு வந்தபோது, மான்செஸ்டரில் இருந்த ஹைம் வைஸ்மன் மாவுச்சத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்து அசிட்டோன் எடுத்தார். தானியம் போதாமல் 1917-இல் பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். வைஸ்மன் பிற்பாடு இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார். அசிட்டோன் அவ்வளவு உயரம் போகவில்லை. வெடிமருந்து ஆலையிலிருந்து இறங்கி துப்பாக்கி துடைக்கும் கிண்ணத்துக்கு வந்தது.

புதிய மருந்தில் கசடு குறைவு. "இனி வெந்நீர் எதற்கு, எண்ணெய் போதுமே" என்று எல்லாரும் நினைத்தார்கள். பர்மாவிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெயைத்தான் பிரிட்டிஷ் சிப்பாய் துப்பாக்கிக்குப் பூசினார். பூசிப் பளபளவென்று வைத்த குழல், சில நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய்க்கு அடியிலேயே துருப்பிடித்திருக்கும். புது மருந்தில் ஏதோ அமிலம் இருக்கிறது என்று பழி போட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப்தான் குற்றவாளியைப் பிடித்தார்: பாதிரியார் காலத்துக் குளோரேட் விட்ட உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரைக் கைவிட்டதுதான் தப்பு.

இடையில் இன்னொரு தலைவலி. புது மருந்தின் வேகத்துக்கு ஈயக் குண்டு தாங்காது என்று அதற்குச் செம்பும் நிக்கலும் கலந்த சட்டை போட்டார்கள். அந்தச் சட்டை கிழிந்து குழலுக்குள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ராணுவம் கண்ட மருந்து அம்மோனியா. குழலின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ரப்பர்க் குழாய் மாட்டி, காட்டமான அம்மோனியா நீரில் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டும் அம்மோனியம் கார்பனேட்டும் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் போல ஊறவிடுவார்கள். வெளியே வரும்போது திரவம் நீல நிறத்தில் இருக்கும். செம்பு கரைந்ததற்கு அதுவே சாட்சி. மறந்துபோய்க் குழலுக்குள் காயவிட்டால் எஃகையே அரித்துவிடும். குனிந்து பார்ப்பவரின் கண்ணையும் தொண்டையையும் அதற்கு முன்பே ஒரு கை பார்த்துவிடும். படைமுகாமின் திறந்தவெளியில் செய்த வேலை இது. வீட்டுக்கு வந்தபோது அம்மோனியா மட்டும் வந்தது, திறந்தவெளி வரவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு திரவத்துக்கும் இதே கதைதான் என்பது என் கணக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிலடெல்பியாவின் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி. 1903-இல், அமெரிக்க ராணுவம் புதிய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை ஏற்ற அதே ஆண்டில், பல பொருட்களைக் கலந்து ஒரு கரைப்பான் செய்தார். ஹாப்பிஸ் நம்பர் 9 என்ற பெயரில் இன்றும் விற்கிறது. மண்ணெண்ணெய், ஆல்கஹால், ஓலியிக் அமிலம், கொஞ்சம் அம்மோனியா, இவற்றோடு அமைல் அசிடேட். கடைசிப் பொருளுக்கு வாழைப்பழ மணம். வேடிக்கை என்னவென்றால், தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை "வா, கொட்டு" என்று கூப்பிட வெளியிடும் வாசனையும் இதே குடும்பத்துப் பொருள்தான். தேனீக்களை வெறியூட்டும் மணம் அமெரிக்க வேட்டைக்காரர்களை உருகவைத்தது. தாத்தாவின் நினைவு வருகிறது என்கிறார்கள். கார்களில் தொங்கவிடும் வாசனை அட்டையாகக்கூட அது விற்கப்பட்டிருக்கிறது. நாறுகிற விஷத்துக்கு மூக்கு காவல். மணக்கிற திரவத்துக்கு முன்னால் அந்தக் காவலாளி தூங்கிவிடுகிறான். ஜன்னலைத் திறக்கத் தோன்றாது.

அதே பிலடெல்பியாவில் ராணுவத்தின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச் சாலையிலும் ஒரு கலவை இருந்தது: மண்ணெண்ணெய், டர்பன்டைன், அசிட்டோன், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். ஜூலியன் ஹாச்சர் என்ற ராணுவ அதிகாரி 1947-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை எழுதிவைத்தார். பல ஆண்டுகள் கழித்து எட் ஹாரிஸ் என்ற துப்பாக்கி எழுத்தாளர் இதை வீட்டிலேயே கலக்கும்படி மாற்றினார். திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாக அவர் போட்டது காரின் தானியங்கி கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். அந்தக் கியர் எண்ணெயிலும் 1970-களின் தொடக்கம்வரை திமிங்கில எண்ணெய்தான் கலந்திருந்தது. திமிங்கிலங்கள் அழிகின்றன என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகே தொழிற்சாலைகள் செயற்கை மாற்றைத் தேடின. பழைய கலவைக்கு மாற்றாக ஹாரிஸ் எடுத்ததும், திமிங்கிலத்திடமிருந்து சமீபத்தில் விடுதலை பெற்ற எண்ணெய்!

சிவப்பு எண்ணெய் சாது. கலவையில் இருக்கும் அசிட்டோன் அப்படியல்ல. கழித்தல் 20 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். மேசைமேல் துப்பாக்கி துடைப்பவருக்கு வாசம் குறைவாகத் தெரியும்போதே, அது அடுத்த அறையில் எரியும் வெந்நீர் கொதிகலனின் சிறு சுடரைத் தேடிப் போய்க்கொண்டிருக்கலாம். கையுறை போட்டுவிட்டோமே என்ற தைரியமும் வேண்டாம். மருத்துவமனையில் பார்க்கும் நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனில் சீக்கிரமே ஊதிப்போய்த் தளர்ந்துவிடும்.

தீப்பிடிக்காத கரைப்பான் ஒன்று கிடைத்தால் போதும் என்ற ஏக்கம் துப்பாக்கிக்காரர்களுக்கு முன்பே சலவைக்காரர்களுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பாரிஸில் டர்பன்டைன் விளக்கு கவிழ்ந்து மேசைவிரிப்பின் கறை போனதைப் பார்த்துத்தான் ஜோலி என்பவர் உலர்சலவையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அழகான கதை. டர்பன்டைன், பெட்ரோல் என்று துவைத்த சலவைக்கடைகள் அடிக்கடி எரிந்தன. அப்போது வந்தது கார்பன் டெட்ராகுளோரைடு. எரியவே எரியாது, அதையே தீயணைப்பான்களில் நிரப்பி விற்றார்கள். வீட்டுக் கறைநீக்கியாகவும், எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவும் அது பரவியது. நெருப்பைத் தடுத்த திரவம் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கியது. மது குடிப்பவர்களுக்கு இரட்டிப்புக் கேடு. சூடான உலோகத்தில் பட்டால் ஃபாஸ்ஜீன் கிளம்பும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே வாயு. 1970-இல் அமெரிக்கா வீட்டு உபயோகப் பொருட்களிலிருந்து அதை விலக்கியது.

அதன் இடத்துக்குத் தம்பிகள் வந்தார்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் ஒரு காலத்தில் பிரசவ வலிக்கு மயக்கமருந்தாகக்கூடக் கொடுக்கப்பட்டது. இதில் நாளெல்லாம் வேலைசெய்த தொழிலாளி சாயங்காலம் ஒரு பீர் குடித்தால் முகமும் கழுத்தும் திட்டுத்திட்டாகச் சிவந்துபோகும். அதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. பிறகு ட்ரைகுளோரோஈத்தேன்; தட்டச்சுப் பிழை திருத்தும் வெள்ளை மையில் இருந்தது அதுதான். ஒப்பீட்டளவில் சாது என்று பெயர் எடுத்தது, ஆனால் ஓசோன் படலத்தைத் தின்றது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1996-க்குள் வளர்ந்த நாடுகள் அதன் உற்பத்தியை நிறுத்தின. காலியான இடத்தில் ஒரு பக்கம் மறுபடியும் எரியும் திரவங்கள், மறு பக்கம் டெட்ராகுளோரோஎத்திலீன். இதை முதலில் செய்தவர் ஃபாரடே, 1821-இல். நான்கே ஆண்டுகளில் பென்சீனையும் பிரித்தெடுத்தார். மின்மோட்டாருக்காக நாம் கொண்டாடும் மனிதர், பிற்காலத் தொழிலாளர் நல மருத்துவர்களுக்கு இரண்டு பெரிய கோப்புகளையும் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

டெட்ராகுளோரோஎத்திலீன் துப்பாக்கி மேசைக்கு வந்தது குறுக்குவழியில். துப்பாக்கிக்கென்று விற்கும் ஸ்ப்ரே விலை அதிகம். கார் பிரேக் துடைக்கும் ஸ்ப்ரே மலிவு. வேலை ஒன்றுதானே என்று யாரோ ஆரம்பித்தார்கள், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பிரேக் ஸ்ப்ரேக்கள் இரண்டு வகை. குளோரின் உள்ளது எரியாது, ஆனால் மூடிய அறையில் தலை சுற்றும், அதன் ஆவி வெல்டிங் பொறியில் பட்டால் பழைய ஃபாஸ்ஜீன் மீண்டும் தலைகாட்டும். குளோரின் இல்லாதது எளிதில் தீப்பிடிக்கும். கடை அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி டப்பாவில் நிற்கும். 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு முழுத் தடையும், டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு வீட்டு உபயோகத் தடையும் அறிவித்தது. வாங்கி வைத்த டப்பாக்கள் அதனால் அலமாரியை விட்டு இறங்கிவிடாது.

இத்தனையும் திரவத்தைப் பற்றி. திரவம் எதைக் கரைக்கிறது என்பது தனி விவகாரம். 1920-களில் ஜெர்மானியர்கள் துருவேற்றும் குளோரேட்டையும் கூடவே இருந்த பாதரசத்தையும் விலக்கிப் புது பிரைமர் செய்தார்கள். துருத் தொல்லை தீர்ந்தது. பதிலுக்கு வந்தது ஈயச் சேர்மம். ஒவ்வொரு வெடிப்பிலும் மெல்லிய ஈயத்தூள். வெண்கலத் தூரிகையைக் குழலுக்குள் தள்ளி மறுமுனையில் வெளியே எடுக்கும்போது அதன் இழைகள் சட்டென்று விரியும்; கருத்த துளிகள் முகத்துக்கு நேரே தெறிக்கும். கண்ணாடி போடாதவருக்குக் கரைப்பானும் ஈயமும் சேர்ந்தே கண்ணில். துடைத்துப்போட்ட துணி சாப்பாட்டு மேசையில் கிடந்தால், அதைத் தொடும் குழந்தையின் விரல் வழியாக ஈயம் வாய்க்குள். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் வைத்திருக்கும் சிலர் இன்னொரு கைவைத்தியம் செய்கிறார்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து அதில் ஊறப்போட்டால் ஈயக்கசடு கரைந்துவிடும். இரண்டுமே மளிகைக்கடைச் சரக்கு என்பதால் அவர்களுக்குப் பயமில்லை. ஆனால் கிண்ணத்தில் மிஞ்சுவது ஈய அசிடேட். பழைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சியபோது ஊறிய இனிப்பு விஷம் இதுதான். திட ஈயத்தைப் போல் இல்லாமல் இது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கழிவைச் சாக்கடையில் கொட்டினால் அடுத்த வீட்டுக்கும் பங்கு. கேட்டால் நான் ஒரே வார்த்தையில் சொல்வேன்: வேண்டாம்.

துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பளபளப்பேற்றும் ஆளிவிதை எண்ணெய் இந்தப் பட்டியலில் மிகவும் அப்பாவியாகத் தெரியும். ஆனால் அது காய்வதே காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்துதான்; சேரும்போது சூடு பிறக்கும். எண்ணெய் நனைந்த துணிகளைக் குவியலாகப் போட்டால் சூடு வெளியேற வழியின்றித் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில், பிலடெல்பியாவிலேதான், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் இப்படி ஒரு குவியலை 22-ஆம் மாடியில் விட்டுப்போனார்கள். தீ 30-ஆம் மாடிவரை ஏறியது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் துப்பாக்கி கிடையாது. ஆனால் பெயிண்டர் விட்டுப்போன தின்னர், பைக் செயின் துடைக்கும் மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி என்று இதே குடும்பம் நம் அலமாரியிலும் குடியிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணையுங்கள், நனைந்த துணியைக் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ மட்டும் இவற்றை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். நம் ஊர் மருத்துவமனைகளுக்கு மண்ணெண்ணெய் குடித்த குழந்தை வருவது இப்படித்தான். குடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும் சில சொட்டுதான் உயிருக்கு ஆபத்து. குழந்தையையும் அந்தப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.